மூத்தாள் பேத்தியும் இளையாள் மகனும்

அந்தப் பெண்ணின் பின்னந்தலையில் ஒரு கிழவர் முகம் இருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் கையில் கண்ணாடி பிடித்த இளம்பெண். சுற்றிக்கொண்டு பின்னால் போனால், அவளுடைய முக்காட்டுக்கு அடியிலிருந்தே தாடி வைத்த ஒரு பெரியவர் நம்மைப் பார்க்கிறார். பளிங்கில் செதுக்கியது. தாடியின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரியும்.

2019-இல் வேலை நிமித்தமாகப் பிரான்சின் நாந்த் நகரத்தில் நான்கு மாதம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கடைகளெல்லாம் மூடிக்கிடக்கும். போக வேறு இடமில்லாமல் பேராலயத்துக்குள் நுழைந்தபோது பார்த்த சிலை இது. விவேகத்தின் உருவம் என்று பிறகு தெரிந்தது. கண்ணாடி தன்னை அறிய, கிழவர் முகம் கடந்ததை மறக்காமலிருக்க. ஒரு கல்லறையின் நான்கு மூலைகளில் நிற்கும் நான்கு பெண்களில் இவள் ஒருத்தி. மேலே ஒரு டியூக்கும் அவர் மனைவியும் கைகூப்பிப் படுத்திருக்கிறார்கள். அவர் காலடியில் சிங்கம், அந்த அம்மாள் காலடியில் வேட்டைநாய்.

டியூக் பெயர் இரண்டாம் பிரான்சுவா. பிரிட்டனியின் டியூக். கல்லறையைக் கட்டச் சொன்னது மகள் ஆன். மகன் ஏன் கட்டவில்லை? மகன் இல்லை. சரி, மகள் எப்படி ஆட்சிக்கு வந்தாள்? அங்கே பிடித்தது எனக்குச் சனி. அன்று ராத்திரி சூப்பர் மார்க்கெட் ரசீதின் பின்பக்கத்தில் வம்சாவளி வரைய ஆரம்பித்தேன். ரசீது போதவில்லை.

ஒரு சின்ன விளக்கம். டியூக் ஆளும் நாட்டை டச்சி என்பார்கள். டச்சுக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரான்சின் வடமேற்கில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நிலம்தான் பிரிட்டனி. பிரெஞ்சு அரசருக்குப் பணிந்த டியூக், ஆனால் தன் வீட்டில் தானே ராஜா. இன்னொன்று: இந்தக் கதையில் ஆண்களெல்லாம் ஜான், பெண்களெல்லாம் ஜோன். பிரெஞ்சில் இன்னும் மோசம், இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்கும். என்னால் முடிந்தவரை அடைமொழி போட்டுச் சொல்கிறேன்.

கதை ஒரு மறுமணத்தில் தொடங்குகிறது. இரண்டாம் ஆர்தர் என்ற டியூக்குக்கு இரண்டு மனைவிகள். மூத்தாள் இறந்தபின் வந்த இளையாள் யோலாந்த், ஏற்கெனவே ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் அலெக்சாண்டரின் விதவை. 1286-இல் இந்த இளம் மனைவியைப் பார்க்கப் புயலடிக்கும் இரவில் குதிரையில் கிளம்பிய அலெக்சாண்டர் பாறைச் சரிவில் விழுந்து செத்தார்; ஸ்காட்லாந்தின் வாரிசுச் சண்டை அங்கிருந்துதான் ஆரம்பம். அந்தம்மாள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் ஒருத்தி இரண்டு நாட்டின் வாரிசுச் சண்டைகளுக்கு முன்வாசலில் நிற்கிறாள் என்பதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

மூத்தாளுக்குப் பிறந்த பெரியவன் மூன்றாம் ஜான், அடுத்தவன் கீ. இளையாளுக்கு ஒரு மகன், மோன்ஃபோர் ஜான். பெரியவனுக்குச் சித்தியைக் கண்டாலே ஆகாது. அப்பாவின் இரண்டாவது கல்யாணமே செல்லாது, அந்தப் பிள்ளைகள் முறையாகப் பிறந்தவர்களே அல்ல என்று நிரூபிக்க அலைந்தார், நடக்கவில்லை. மூன்று கல்யாணம் செய்தும் அவருக்கே பிள்ளை இல்லை. இளையாள் மகனுக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக நாட்டையே பிரெஞ்சு அரசருக்கு எழுதிவைத்துவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தார். பிரிட்டனியின் பிரபுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

கூடப்பிறந்த தம்பி கீ 1331-இலேயே போய்விட்டார். அவருக்கு ஒரே மகள்: பாந்தியேவ்ர் ஜோன். பெரியப்பா அவளை ப்ளுவா சார்லஸுக்கு 1337-இல் கட்டிவைத்தார். சார்லஸ் பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பின் சொந்தச் சகோதரி மகன். அதாவது மாப்பிள்ளைக்கு மாமா ராஜா. கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். ஆனால் கடைசிவரை வாரிசு யார் என்று வாயால் சொல்லவில்லை. மரணப் படுக்கையில் கேட்டபோது, கடவுள் பெயரால் என்னை விடுங்கள், இந்த விஷயங்களைச் சொல்லி என் ஆவியைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றாராம். 1341 ஏப்ரல் 30 அன்று கண்ணை மூடினார். இருபத்துமூன்று வருடப் போர் அன்று பிறந்தது.

கேள்வி இதுதான். செத்துப்போன கூடப்பிறந்த தம்பியின் மகளா, உயிரோடிருக்கும் இளையாள் மகனா?

ஜோன் பக்க வாதம்: அப்பா உயிரோடிருந்தால் அவருக்குத்தான் வந்திருக்கும், அப்பா இடத்தில் மகள் நிற்கிறாள். பிரிட்டனியின் வழக்கத்தில் இதற்கு இடமுண்டு, பெண் வழியாக நாடு கைமாறியதும் உண்டு. நூறு வருடத்துக்குச் சற்று முன்புதான் கோன்ஸ்தான்ஸ், அவள் மகள் அலிக்ஸ் என்று இரண்டு டச்சஸ்கள், அதாவது பெண் டியூக்குகள், இருந்தார்கள்; ஆர்தரின் வம்சமே அலிக்ஸின் கல்யாணத்தில் வந்ததுதான். மோன்ஃபோர் பக்க வாதம்: 1297-இல் பிரிட்டனியைப் பிரான்சின் உயர்ந்த பிரபு நாடுகளில் ஒன்றாக அரசர் அறிவித்துவிட்டார். ஆகவே ஊர் வழக்கம் செல்லாது, அரச குடும்பத்து விதிதான் செல்லும். அந்த விதிப்படி பெண்ணுக்குப் பங்கில்லை, ஆண்பிள்ளை இருக்கும்போது.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஆறாம் பிலிப். அவர் 1328-இல் அரசரானதே பெண் வழியாக உரிமை வராது என்ற வாதத்தால்தான். இறந்த அரசரின் சகோதரி மகன் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு. அம்மா வழியாகப் பிரான்சு எனக்கு வர வேண்டும் என்று அவர் கேட்டதில்தான் நூறாண்டுப் போர் மூண்டது. அந்தப் பிலிப், பிரிட்டனியில் பெண்ணின் உரிமைக்குப் பக்கம் நின்றார். 1341 செப்டம்பர் 7 அன்று கோன்ஃப்லானில் தீர்ப்பு ஜோனுக்கும் அவள் கணவர் சார்லஸுக்கும் சாதகமாக வந்தது. எட்வர்டோ, தன் தாய்வழி உரிமைக்காகப் போர் செய்துகொண்டே, பிரிட்டனியில் ஆண்வாரிசுதான் சரி என்ற மோன்ஃபோரின் பக்கம் சேர்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் வக்கீலை இன்னொருவர் எடுத்துக்கொண்ட மாதிரி. இருவருக்கும் இதில் கொஞ்சம்கூடக் கூச்சமிருந்ததாகத் தெரியவில்லை.

மோன்ஃபோர் ஜான் தீர்ப்புக்குக் காத்திருந்தவர் இல்லை. அண்ணன் இறந்ததும் நேராக நாந்துக்கு வந்தார், அப்புறம் லிமோஜ் போய் அண்ணனின் கஜானாவை அள்ளினார், அந்தக் காசில் ஆளெடுத்து ரென், வான் என்று ஒவ்வொரு கோட்டையாகக் கைப்பற்றினார். நவம்பரில் பிரெஞ்சுப் படை நாந்தை வளைத்தது. ஜான் சிக்கினார். பாரிசில் லூவர் கோட்டையில் அடைத்தார்கள். இன்று வரிசையில் நின்று மோனாலிசா பார்க்கும் அதே இடம்தான், அன்று சிறையாகவும் இருந்தது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் அவர் மனைவி. அவள் பெயரும் ஜோன்தான், ஃபிளாண்டர்ஸ் பெண். கணவன் சிறையில், மகனுக்கு இரண்டு மூன்று வயது. குழந்தையைத் தூக்கிக் காட்டி, தலைவர் போனால் என்ன, இதோ தலைவர் என்று படைவீரர்களிடம் பேசினாள் என்கிறார்கள் அந்தக் காலத்துச் சரித்திரக்காரர்கள். 1342-இல் ப்ளவே ஆற்றங்கரையில் இருக்கும் என்போன் கோட்டைக்குள் இருந்தாள். சார்லஸின் படை முற்றுகையிட்டது. அவள் கவசம் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் குதிரையில் போனாளாம். பாவாடையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு தெருக் கற்களைப் பெயர்த்து மதிலுக்குத் தூக்கிவாருங்கள் என்று ஊர்ப் பெண்களிடம் சொன்னாளாம்.

ஒருநாள் கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறாள். எதிரிகள் எல்லாரும் மதிலைத் தாக்க வந்துவிட்டார்கள், பின்னால் கூடாரங்களைப் பார்த்துக்கொள்ளப் பையன்களும் வேலைக்காரர்களும் மட்டும்தான். முந்நூறு குதிரைவீரர்களோடு வேறு வாசல் வழியாக வெளியே போய்க் கூடாரங்களுக்குத் தீ வைத்தாள். திரும்பி வர வழியில்லை, எதிரிகள் மறித்துவிட்டார்கள். அப்படியே வேறொரு கோட்டைக்குப் போய், சில நாள் கழித்துக் கூடுதல் ஆட்களோடு விடியற்காலையில் மறுபடி உள்ளே வந்துசேர்ந்தாள். நெருப்பு ஜோன் என்று பெயர் நின்றுவிட்டது. இதற்குப் பிறகும் முற்றுகை நீண்டது. ஊர் சரணடையலாம் என்று பிஷப் ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்கு ஆற்றில் இங்கிலீஷ் கப்பல்களின் பாய்கள் தெரிந்தன. வந்திறங்கிய தளபதிகளை இரண்டு மூன்று முறை முத்தமிட்டாள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இதில் எத்தனை பங்கு நடந்தது, எத்தனை பங்கு கதைசொல்லியின் மசாலா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போடட்டும். என்போன் விழவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இடையில் ஒரு விஷயம். அதே ப்ளவே ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், என்போனிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், 1666-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டுமிடம் அமைத்தது. லோரியான் என்ற ஊர் அப்படி உண்டானது. கிழக்கு என்று அர்த்தம். பாண்டிச்சேரிக்கு வந்த கப்பல்கள் புறப்பட்ட துறை அது. ரயிலில் என்போனைத் தாண்டியதும் லோரியான் பெயர்ப்பலகை வந்தபோது எனக்கு ஒரு கணம் கடற்கரைச் சாலை ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், வேறு சம்பந்தமில்லை.

நெருப்பு ஜோனின் மீதிக்கதை யாரும் பாட்டாகப் பாடுவதில்லை. 1343-இல் இங்கிலாந்து போனாள். போனவளை யார்க்‌ஷயர் பக்கத்து டிக்கில் கோட்டையில் வைத்தார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. இப்போதைய ஆய்வாளர்கள் சிலருக்கு அதில் சந்தேகம்: பிரிட்டனி விவகாரத்தை எட்வர்டு தன் கையில் வைத்துக்கொள்ள, இத்தனை கெட்டிக்காரி ஒருத்தி குறுக்கே இருப்பது வசதியில்லை. எதுவானாலும், முப்பது வருடம் காவலில் இருந்தாள். கணவர் 1345-இல் தப்பி வந்து அதே என்போனில் நோயில் இறந்தார். மகன் கடைசியில் ஜெயித்து டியூக் ஆனபோதும் அவள் உயிரோடுதான் இருந்தாள். ஊருக்குத் திரும்பவில்லை. கோட்டையைக் காத்தவளைக் கோட்டைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கம் சார்லஸ் ஒரு விசித்திரப் பிறவி. சட்டைக்குள் முடியால் நெய்த முரட்டுத் துணி, செருப்புக்குள் கூழாங்கல், உடம்பைச் சுற்றி முடிச்சுப் போட்ட கயிறு. புனித ஈவ் என்ற மகானின் எலும்பை ஏந்திக்கொண்டு பனியில் வெறுங்காலோடு நடந்தவர். அதே மனிதரின் படை 1344-இல் கெம்பர் நகரைப் பிடித்தபோது ஊர் மக்களை வெட்டித் தள்ளியது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 1904-இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. காலில் கல்லைப் போட்டு நடப்பதைவிட, அந்தக் கெம்பர் மக்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

1347-இல் ஒரு ராத்திரிச் சண்டையில் சார்லஸும் பிடிபட்டு லண்டன் போனார். அதிலிருந்து ஒன்பது வருடம் இந்தப் பக்கத்தையும் நடத்தியது ஒரு பெண்தான், மூத்தாள் பேத்தி பாந்தியேவ்ர் ஜோன். இரண்டு ஜோன்களின் போர் என்று பெயர் வந்தது இதனால்தான். பெண்ணுக்கு உரிமை உண்டா என்ற வழக்கில் இரு தரப்புக்கும் ஏதோ ஒரு காலத்தில் தலைமை ஒரு பெண். 1356-இல் ஏழு லட்சம் பொற்காசு மீட்புத்தொகை பேசி சார்லஸ் வெளியே வந்தார். பணம் முழுதும் கட்டும்வரை இரண்டு மகன்கள் பிணை. பெரிய மகன் 1387 வரை இங்கிலாந்தில் கிடந்தான். ஒருவன் அங்கேயே செத்தான்.

1363-இல் நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சார்லஸ் ஒத்துக்கொண்டார். ஜோன் சீறினாள். என் சொத்தைக் காப்பாற்றத்தான் உன்னைக் கட்டினேன், பாதியைத் தூக்கிக் கொடுக்க அல்ல என்ற தோரணையில் அவள் பேசியதாகச் சொல்வார்கள். சார்லஸ் பேச்சை மாற்றிக்கொண்டார். மறுவருடம் செப்டம்பர் 29, ஓரே என்ற ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் கடைசிச் சண்டை. எதிரில் இளைய மோன்ஃபோர், என்போனில் தாயின் கையிலிருந்த அந்தக் குழந்தை, இப்போது சுமார் இருபத்தைந்து வயது ஆள். சார்லஸ் செத்தார். அவருக்காகப் போரிட்ட புகழ்பெற்ற தளபதி கெக்லான் பிடிபட்டார். கவசத்தைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே அந்த முரட்டுத் துணி இருந்ததாம்.

1365-இல் கெராந்த் நகரத்தில் கையெழுத்தானது. மோன்ஃபோர்தான் டியூக், நான்காம் ஜான். இனி அந்த வம்சத்தில் ஆண் இருக்கும்வரை பெண்ணுக்கு நாடு போகாது. ஆணே அற்றுப்போனால் பாந்தியேவ்ர் வீட்டுக்குப் போகும். ஜோனுக்கு அவளுடைய பாந்தியேவ்ர் நிலமும், வெறும் மரியாதைக்கு டச்சஸ் பட்டமும்.

எனக்கு இந்த ஜோனைப் பிடிக்கக் காரணம் அடுத்து நடந்தது. நான்காம் ஜான் இங்கிலாந்துக்கு ரொம்பவே சாய்ந்ததில் பிரபுக்கள் 1373-இல் அவரை விரட்டினார்கள். நல்ல சமயம் என்று பிரெஞ்சு அரசர் 1378-இல் டச்சியையே பறிமுதல் செய்து தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டதாக அறிவித்தார். உடனே, யாரை விரட்டினார்களோ அவரையே போய்க் கூப்பிட்டார்கள். 1379 ஆகஸ்டில் அவர் கரையிறங்கியபோது வரவேற்றவர்களில் பாந்தியேவ்ர் ஜோனும் ஒருத்தி. கணவனைக் கொன்ற படையின் தலைவன். ஆனாலும் வீட்டுச் சண்டை வேறு, வீட்டையே ஊரான் எடுப்பது வேறு.

பகை அதோடு போனதா என்றால் இல்லை. 1420-இல் ஜோனின் பேரன்கள், சமாதானம் பேசலாம் வா என்று அடுத்த டியூக் ஐந்தாம் ஜானை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வழியில் ஒரு மரப்பாலம். டியூக் தாண்டியதும் பலகைகளை உருவி ஆற்றில் தள்ளினார்கள். மெய்க்காவலர்கள் அக்கரையில், டியூக் இக்கரையில். இதன் பின்னால் இருந்தவள் பேரன்களின் தாய் மார்கரித். டியூக்கை மீட்கப் படைதிரட்டியவளும் ஒரு பெண்தான், அவர் மனைவி; பெயரைச் சொல்லவே வேண்டாம், ஜோன். சில மாதத்தில் டியூக் வெளியே வந்தார், சதிகாரர்களின் ஷான்தோசோ கோட்டை தரைமட்டமானது, பாந்தியேவ்ர் சொத்தெல்லாம் பறிபோனது.

அப்புறம் மோன்ஃபோர் ஆண்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை, ஒன்றைத் தவிர. 1450-இல் முதலாம் பிரான்சுவா இரண்டு மகள்களை விட்டுப் போனார். கெராந்த் விதி: மகள்களுக்கு இல்லை. தம்பிக்குப் போனது, தம்பிக்குப் பிள்ளையில்லை. கிழட்டுச் சித்தப்பாவுக்குப் போனது. பதினைந்து மாதத்தில் அவரும் போனார், பிள்ளையில்லை. 1458-இல் வேறொரு சித்தப்பா மகனுக்கு வந்தது. அவர்தான் நாந்த் பளிங்கில் படுத்திருக்கும் இரண்டாம் பிரான்சுவா. விலக்கப்பட்ட மகள்களில் மூத்தவளைத்தான் அவருக்குக் கட்டிவைத்தார்கள். பெண்ணுக்கு நாடு கிடையாது, நாடு யாருக்கோ அவனுக்குப் பெண் உண்டு! அவர்களுக்குப் பிறந்த ஆண்குழந்தை சில மாதமே இருந்தது. அவளும் இறந்தாள். இரண்டாவது மனைவிக்கு இரண்டும் பெண். ஆன், இசபோ.

ஆண்வழி வாதத்தில் ஜெயித்த வீட்டில் ஆண் இல்லை. என்ன செய்தார் டியூக்? 1486-இல் பிரிட்டனியின் சபையைக் கூட்டி, மகள்களே வாரிசு என்று சத்தியம் வாங்கினார். கெராந்த் காகிதத்தை யாரும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் என்ன செய்தது? பிரெஞ்சு அரசர் பதினோராம் லூயி 1480-இலேயே பாந்தியேவ்ர் வீட்டின் பழைய உரிமையைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். விற்றவள் நிகோல் என்ற பெண். பெண் வழியாக எந்த உரிமையும் வராது என்று சாதிக்கும் அரச குடும்பம், ஒரு பெண் வழியாக வந்த உரிமையை ஒரு பெண்ணிடமிருந்தே விலைக்கு வாங்கியது. ரசீது கொடுத்திருப்பார்கள்.

1488-இல் டியூக் போரில் தோற்று, மகள்களை அரசர் சம்மதமில்லாமல் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்து, சில வாரத்தில் இறந்தார். ஆனுக்கு வயது பதினொன்று. 1490 டிசம்பரில், அந்தச் சம்மதம் எதுவும் கேட்காமல், ஆஸ்திரியாவின் மாக்சிமிலியனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வரவில்லை, ஆள் அனுப்பினார். அந்தத் தூதர் எல்லார் முன்னிலையிலும் ஒரு காலை மட்டும் முழங்கால்வரை வெறுமையாக்கி, பெண்ணின் கட்டிலுக்குள் ஒரு கணம் நீட்டி எடுத்தார். கல்யாணம் முடிந்தது. பதிமூன்று வயதுப் பெண் அந்தக் காலைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்?

மாப்பிள்ளையின் படை வரவே இல்லை. பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் ரென் நகரை முற்றுகையிட்டார். 1491 டிசம்பர் 6 அன்று லாஞ்ஜே கோட்டையில் ஆன் சார்லஸை மணந்தாள். இந்தச் சார்லஸுக்கு ஏற்கெனவே நிச்சயமாகி, பெண்ணும் பிரெஞ்சு அரண்மனையிலேயே வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் யார் என்றால், மாக்சிமிலியனின் மகள். ஒரே நாளில் மனிதருக்குப் பெண்டாட்டியும் போனாள், மருமகனும் போனான்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி: அரசர் மகனில்லாமல் இறந்தால் அடுத்த அரசரை ஆன் மணக்க வேண்டும். நான்கு பிள்ளைகள் பிறந்து நான்கும் போயின. 1498-இல் சார்லஸ் பந்தாட்டம் பார்க்கப் போகும் வழியில் நிலைப்படியில் தலை இடித்து, அன்றே இறந்தார். ஆன் பிரிட்டனிக்குத் திரும்பி, தன் பெயரில் ஆட்சியைக் கையிலெடுத்தாள். பிறகு அடுத்த அரசர் பன்னிரண்டாம் லூயியை மணந்தாள், இந்த முறை கறாராகப் பேசி: பிரிட்டனி தனியாகவே இருக்க வேண்டும், இரண்டாவது பிள்ளைக்குப் போக வேண்டும். பிழைத்தது இரண்டு மகள்கள். 1514-இல் ஆன் இறந்ததும் மூத்தவள் குளோதை அடுத்து அரசராகப்போகிறவருக்குக் கட்டினார்கள். இரண்டாவது மகள் ரெனேவின் உரிமையை யாரும் பேசவில்லை. 1532-இல் பிரிட்டனி பிரான்சோடு சேர்க்கப்பட்டது.

ஆனின் உடல் பாரிஸ் பக்கத்தில் அரசர்களோடு கிடந்தது. இதயத்தை மட்டும் தங்கப் பேழையில் வைத்து நாந்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள். அப்பா அம்மா கல்லறையில் வைத்தார்கள். புரட்சிக் காலத்தில் கல்லறையை உடைக்கவிருந்தார்கள். ஊர்க் கட்டடக்கலைஞர் ஒருவர் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். பேழையை உருக்குவதற்கு அனுப்பினார்கள், எப்படியோ உருக்காமல் திரும்பி வந்தது. 2018 ஏப்ரலில் நாந்த் அருங்காட்சியகத்திலிருந்து அதைத் திருடிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் சேன்-நசேர் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து போலீஸ் தோண்டி எடுத்தது.

நான் போனபோது ஆலயக் காவலரிடம் இதயம் இப்போது கல்லறைக்குள் இருக்கிறதா, பேழைக்குள்ளா என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். புரட்சியிலேயே வெளியே எடுத்து எறிந்துவிட்டார்களாம். அதிலிருந்து பெட்டி காலி.